அடுத்தவருக்கான குரல்

வாசலில் நின்ற பாராக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, ஏட்டம்மா வீட்டுக்காரர்தானே, நேரே மேசைக்குப் போங்க என்றார். நான் உள்ளே இருந்த கூட்டத்தைக் கையால் காட்டிவிட்டு, புகார் கொடுக்க வருகிறவர்களுக்காகச் சுவரோரம் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்துகொண்டேன். சட்டைப் பையில் என் மனைவி வல்லியின் போன் கிடந்தது. காலையில் சார்ஜில் போட்டவள் அப்படியே மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டாள். கொடுத்துவிட்டுப் போக ஒரு நிமிடம் போதும். ஆனால் கொடுத்துவிட்டால் போய்த்தான் ஆக வேண்டும். இங்கே உட்கார்ந்திருந்தால் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், அவள் என்னைப் பார்க்கமாட்டாள், மேசைக்கு எதிரே இருப்பவரைத் தவிர வேறு யாரையும் பார்ப்பதில்லை என்பது அவளுடைய பழக்கம், எல்லோரும் சொல்லிச் சொல்லி எனக்குத் தெரிந்த பழக்கம். இப்போது எதிரே ஒரு கிழவி, பக்கத்து வீட்டுக்காரி எச்சில் தண்ணீரை இவள் வாசலில் கொட்டுகிறாளாம். அதைச் சொல்லக் கிழவி என்றோ நடந்த ஒரு கல்யாணத்திலிருந்து ஆரம்பித்தாள், அந்தக் கல்யாணப் பந்தியில் தனக்கு வடை வைக்காமல் போனதிலிருந்து. வல்லி அவசரப்படுத்தவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, முகவாயைக் கொஞ்சம் தாழ்த்தி, ம் என்றாள். அப்புறம் என்றாள். மெதுவாச் சொல்லுங்க, தண்ணி குடிக்கிறீங்களா என்றாள். அந்தக் குரல். கொஞ்சம் தணிந்து, கடைசி எழுத்தில் இழுத்து, எதிராளியின் பேச்சு வந்து அமர ஓர் இடத்தை விட்டுவைக்கிற குரல். வடை கிடைக்காத கிழவிக்குக் கிடைக்கிறது. எனக்கும்தான் எத்தனையோ பந்தியில் வடை கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வருகிறவள் வேறொருத்தி. பெல்ட்டைக் கழற்றி நாற்காலியில் தொங்கவிடுவாள், கட்டிலில் சாய்ந்து கண்மேல் கையை வைத்துக்கொள்வாள், நான் ஏதாவது சொல்லத் தொடங்கினால் ம் என்பாள். அதுவும் ம்தான், ஆனால் கதவைச் சாத்துகிற ம். மெடிக்கல் கடையில் முதலாளி தன் மச்சானைக் கொண்டுவந்து முன் கவுண்டரில் நிறுத்திவிட்டு என்னைப் பின்னால் சரக்குப் பிரிக்கிற இடத்துக்கு அனுப்பிவிட்டார் என்று சொன்ன அன்று, நாளைக்குப் பேசலாமா என்றாள். நாளைக்கு நானும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை, அது அப்படியே நின்றுபோனது. முன்பெல்லாம் இப்படி இல்லை என்று சொல்ல வேண்டும்போல இருக்கிறது, ஆனால் முன்பும் அவள் பேசியவள் இல்லை. முன்பு அவள் பந்தோபஸ்துக்குப் போய்க்கொண்டிருந்தாள், தேர் இழுக்கிற இடத்தில், கட்சிக் கூட்டத்தில், ஏய் தள்ளு, அங்க என்ன வேடிக்கை என்று கத்தித் தொண்டை கட்டி வருவாள், அதே கட்டிய தொண்டையில் என்னிடம் சாம்பாரில் உப்பில்லை என்பாள். வீட்டுக்கும் வெளிக்கும் ஒரே குரல். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. ஊருக்குக் கிடைப்பதுதான் எனக்கும் கிடைக்கிறது என்ற சமாதானம் இருந்தது. பிறகு இந்த வரவேற்பு மேசை வந்தது. பொதுமக்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று பெண் போலீஸ்களை மதுரைக்கு வகுப்புக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து சமையலறையில் தனியாக நின்று சொல்லிப் பழகினாள், வாங்க, உட்காருங்க, பதட்டப்படாம சொல்லுங்க. நான் வாசல்படியில் போய் நின்றால், அந்தப் பக்கம் போங்க, நீங்க இருந்தா எனக்குச் சிரிப்பு வருது என்று கதவை ஒருக்களித்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மிளகாய் டப்பாவிடமும் குக்கரிடமும் மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தாள். நான் இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கே ஆரம்பித்திருக்க வேண்டும் இது. இதற்குப் பெயர் என்னவென்று எனக்குத் தெரியும், சொல்லிக்கொள்ளத்தான் வெட்கமாக இருக்கிறது. போலீஸ்காரியின் புருஷன் திருடன்மேல் பொறாமைப்படலாம், இன்ஸ்பெக்டர்மேல் பொறாமைப்படலாம், அதற்கெல்லாம் ஊரில் கதை இருக்கிறது. மனு கொடுக்க வருகிறவர்கள்மேல் பொறாமைப்படுகிறவனை என்னவென்று சொல்வது.

எல்லோர்மேலும் இல்லை. வேதமுத்துமேல். ஆளை நான் பார்த்ததில்லை. பார்த்தது பெயரை, அதுவும் இந்த போனில். வல்லி யாரையும் வெறும் பெயராகப் பதிவதில்லை, பெயரோடு புகாரையும் சேர்த்துத்தான் பதிவாள், செல்வமேரி செயின், ரபீக் டூவீலர், கிருபாகரன் பக்கத்து வீட்டு நாய். அந்த வரிசையில் வேதமுத்து மனைவி மிஸ்ஸிங். என்னை வீடு என்று போட்டிருக்கிறாள். என்ன காணாமல் போனது, யார் மேல் புகார், ஒன்றும் இல்லை, வெறும் வீடு. வேதமுத்துவைப் பற்றி அவளாகத்தான் ஒருநாள் சொன்னாள், எதையும் சொல்லாதவள் அதைச் சொன்னாள். மில் வேலையிலிருந்து நின்றவராம், ஊருக்கு வெளியே தோட்டத்து வீடாம், கோயிலுக்குப் போய் வருகிறேன் என்று கிளம்பிய மனைவி திரும்பவே இல்லையாம். எல்லா ஸ்டேஷனுக்கும் தகவல் போயிருக்கிறது, வந்தால் சொல்லுவோம், அலையாதீங்க அண்ணாச்சி என்று சொன்னாலும் கேட்காமல் வாராவாரம் வந்து எதிரே உட்கார்ந்துகொள்வாராம். அண்ணாச்சி. எல்லோரையும் சார், மேடம் என்று கூப்பிட வேண்டும் என்பதுதான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது, சமையலறையில் அப்படித்தான் பழகினாள், இவருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது அண்ணாச்சி. அண்ணன் என்றுதானே கூப்பிடுகிறாள் என்று மனதைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன், அது அடங்கவில்லை. அவர் கொண்டுவந்த கொய்யாப்பழத்தை ஸ்டேஷனில் எல்லோருக்கும் நறுக்கிக் கொடுத்தாளாம், மிச்சம் ஒன்று பைக்குள் கிடந்து வீட்டுக்கு வந்தது. அது யாருடையது என்று தெரியாமல் நான் தின்றுவிட்டேன், இனிப்பாக இருந்தது, தெரிந்த பிறகும் நாக்கில் இனிப்பாகவே இருந்தது, அதுதான் தாளவில்லை. மனைவியைத் தொலைத்தவனுக்குத்தான் என் மனைவி கிடைக்கிறாள். தொலைக்காமல் வைத்திருக்கிறவனுக்கு என்ன கிடைக்கிறது. பெல்ட் தொங்குகிற நாற்காலி.

கிழவி எழுந்து போய், கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். வாங்கம்மா, குழந்தைக்கு ஃபேன் படுதா என்று கேட்கிறாள். காலையில் போன் அடித்தபோது நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். வேதமுத்து மனைவி மிஸ்ஸிங் என்று திரை மினுங்கியது. எடுக்கக்கூடாது, அவள் போனை நான் எடுப்பதில்லை, எடுத்தேன். நான் எதுவும் சொல்வதற்கு முன்னால் அந்தப் பக்கம், அம்மா, நான்தாம்மா என்றது. பெயர் சொல்லவில்லை. நான்தான் என்றால் இன்னார் என்று தெரியும் என்கிற நிச்சயம். ஒரு பெண்ணிடம் போனில் நான்தான் என்று சொல்ல ஒரே ஒருவனுக்குத்தான் உரிமை உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது என் வாயிலிருந்து வந்த குரலை நான் தேடிப் போகவில்லை, அது எனக்குள்ளே தயாராக இருந்தது. யாருய்யா நீ. ஸ்டேஷன் என்ன உன் மாமியா வீடா. நெனச்ச நேரமெல்லாம் போன் போடுவியா, பொம்பளை போலீசுன்னா அவ்வளவு எளக்காரமா. இனிமே இந்த நம்பருக்கு வந்த, தூக்கி உள்ள வச்சிருவேன். அந்தப் பக்கம் தப்புங்கய்யா, மன்னிச்சிருங்கய்யா என்றது. போனை வைத்தபிறகு என் காது சூடாக இருந்தது, உடம்பு முழுக்க ஒரு தெம்பு இருந்தது, கடையின் பின்கட்டுக்குப் போனபிறகு அப்படி ஒரு தெம்பை நான் அறிந்ததில்லை. அந்தக் குரலை எங்கே கற்றேன். ஹெல்மெட் போடாமல் பாலத்தடியில் மாட்டியபோது ஒரு போலீஸ்காரர் என் முதுகுக்குப் பின்னால் நின்று அதட்டிய குரல் அது. இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் போலீஸ்காரர்போல அதட்டிப் பேசிக் காட்டுவார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடப் பேசிக் காட்டும். வல்லியைப்போல, மெதுவாச் சொல்லுங்க என்று பேசிக் காட்டச் சொன்னால் ஒருத்தருக்கும் வராது. அதனால்தான் அவள் அப்படிப் பேசும்போது அது போலீஸ் பேச்சாகத் தெரியவில்லை. வேறு எதுவாகவோ தெரிகிறது. எனக்கு மட்டுமா தெரிகிறது, அவருக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும், இல்லாவிட்டால் கொய்யாப்பழம் எதற்கு.

தெம்பு குளிக்கும்போதே வடிந்துவிட்டது. அவர் நேரே வந்து, உங்க போனில் ஒரு போலீஸ்காரர் என்னைத் திட்டினார் என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும். போன் வீட்டில் இருந்தது அவளுக்குத் தெரியும். இன்ஸ்பெக்டர் காதுக்குப் போனால் அந்த மேசை அவளிடம் இருக்காது, மறுபடி தேரடியில் நின்று கத்த வேண்டியதுதான். மறுபடி ஒரே குரல். இதை நினைத்ததும் உள்ளே ஏதோ ஒன்று சந்தோஷப்பட்டது, அதை நான் சரியாகப் பார்ப்பதற்குள் பக்கத்து நாற்காலியில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். வெளுத்துத் தேய்த்த சட்டை, தோளில் துண்டு, மடியில் துணிப்பை. என்னைப் பார்த்துச் சிரித்து, கூட்டம் நெறையோ என்றார். அந்தக் குரல் என் காதுக்குள் காலையிலேயே வந்துபோன குரல். பதில் சொல்ல வாயெடுத்தவன் அப்படியே மூடிக்கொண்டேன். நான் பேசினால் தெரிந்துவிடும். அவருக்கு என் முகம் தெரியாது, குரல் மட்டும்தான் தெரியும்.

தலையை ஆட்டினேன். நீங்க என்ன விஷயமா என்றார். பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினேன், அதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. கீழ கெடந்துச்சா, ஒப்படைக்க வந்திருக்கீங்களா என்று கேட்டு, நான் ஆட்டிய தலையை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷன் என்றார். அந்தம்மாகிட்டயே குடுங்க, மத்தவங்ககிட்டப் போனா உங்களையே கேள்வி கேப்பாங்க, அந்தம்மா அப்படி இல்ல, நம்மள மனுஷனா வச்சுப் பேசும் என்றார். நான் அவருடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்பார்த்த கைகள் இல்லை, நகம் தேய்ந்த, பழைய கைகள். நல்ல கைகளாக இருந்திருந்தால் பொறாமைப்பட வசதியாக இருந்திருக்கும். பிறகு அவர் என் பக்கம் சாய்ந்து, யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்பதுபோலப் பேசினார். காலையில் அம்மாவுக்கு போன் போட்டாராம், ஒரு ஐயா எடுத்து ஏசிவிட்டாராம், அவர்மேலும் தப்பு சொல்ல முடியாது, அவங்களுக்கு எவ்வளவோ வேலை, நம்ம கதையக் கேக்கவா சம்பளம் குடுக்காங்க என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபமே இல்லை, மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு அதுவும் பொறுக்கவில்லை. நேற்று ராத்திரி மனைவி பேசினாளாம். நல்லா இருக்கேன், என்னைத் தேடாதீங்க என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாளாம். எங்கே, யார் வீட்டில், ஒன்றும் இல்லை. அதைச் சொல்லத்தான் காலையில் கூப்பிட்டாராம். புள்ளைங்ககிட்டச் சொல்ல வெக்கமா இருக்கு, அந்தம்மாகிட்டன்னா சொல்லலாம் என்றார். பிறகு மேசைப் பக்கம் பார்த்து, இனிமே இங்க வர்றதுக்கும் வேலை இல்ல பாத்துக்கிடுங்க என்றார். சொல்லும்போது குரல் இறங்கியது. மனைவி பேசியதைச் சொன்னபோதுகூட அப்படி இறங்கவில்லை. நான் நினைத்தது முழுக்கப் பொய்யில்லை என்று தெரிந்தது, தெரிந்து எனக்கு ஒரு வெற்றியும் வரவில்லை. இந்த மனிதர் நாளையிலிருந்து எங்கே போவார். நான் போகிற இடத்துக்குத்தான் போவார். யாரும் அப்புறம் என்று கேட்காத இடத்துக்கு.

குழந்தைக்காரப் பெண் எழுந்துவிட்டாள். அடுத்து வாங்க என்று வல்லி நிமிர்ந்தாள், என்னைப் பார்த்தாள், குரல் உடனே வீட்டுக்கு வந்துவிட்டது. இங்க எதுக்கு உக்காந்திருக்கீங்க, போனைக் குடுத்துட்டுப் போகவேண்டியதுதானே, கடைக்கு நேரமாகல என்றாள். நான் போய் போனை நீட்டினேன். யாராவது கூப்பிட்டாங்களா. நான் பேசாமல் நின்றேன். துணிப்பையை எடுத்துக்கொண்டு அப்போதுதான் பின்னால் வந்து நின்ற வேதமுத்து, அவள் கடைசியாகக் கேட்டதை மட்டும் கேட்டு எனக்காக முன்வந்தார். அம்மா, இவருக்குப் பேச்சு வராது போல, பாவம், கீழ கெடந்த போன ஒப்படைக்க வந்திருக்காரு, நீங்களே பாத்து எழுதிக்குங்க என்றார். வல்லி அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிப்பு வருமோ என்று நினைத்தேன், வரவில்லை, அதற்குள் அவர், காலையில உங்களுக்கு போன் போட்டேம்மா, ஒரு ஐயா எடுத்தாரு, கொஞ்சம் கோபமா இருந்தாரு, அதான் நேர்லயே வந்துட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வல்லி கையிலிருந்த போனைப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்றாள். என்ன சொன்னாரு அண்ணாச்சி என்று கேட்டாள். அதை விடுங்கம்மா என்றார். சொல்லுங்க என்றாள். மாமியார் வீடா என்றது, தூக்கி உள்ளே வைப்பேன் என்றது, எல்லாவற்றையும் அவர் கூச்சத்தோடு, பாதி பாதியாக, தான் சொன்ன கெட்ட வார்த்தைபோலச் சொன்னார். இதற்கிடையில் வல்லி ஒரு தடவை என்னைப் பார்த்துக் கண்ணால் வாசலைக் காட்டினாள். போய்விடுங்கள் என்பதுதான் அது. பேச்சு வராதவனாகவே வெளியே போய்விடலாம், யாருக்கும் தெரியாது, ராத்திரி பெல்ட்டைக் கழற்றிவிட்டு அவளும் ஒன்றும் கேட்கமாட்டாள், நாளைக்குப் பேசலாம் என்றுகூடச் சொல்லமாட்டாள். நான் திரும்பியும் விட்டேன். அப்போது அவள் இரண்டு கையையும் கூப்பினாள். காக்கிச் சட்டையோடு, ஸ்டேஷனுக்கு நடுவில், வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் பார்க்க. மன்னிச்சிருங்க அண்ணாச்சி, உங்கள அப்படிப் பேசியிருக்கக்கூடாது, தப்பு எங்க மேல என்றாள். அந்தக் குரலில். இத்தனை வருஷத்தில் அவள் எனக்கு முன்னால் அப்படி நின்றதில்லை, நானும் அவளுக்கு முன்னால் நின்றதில்லை. அவர் பதறிப்போய், ஐயோ கைய எறக்குங்கம்மா என்றார், அவர் சொன்னதும் என்னால் நிற்க முடியவில்லை. அதைச் சொல்ல வேண்டியது நான்.

"கைய எறக்கு வல்லி," என்றேன். "அவரைப் பேசினது நான்."

இரக்கத்தால் சொன்னேன் என்று பிறகு நினைத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் அந்தக் கும்பிடு அவருக்குப் போவதைத் தடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது. வேதமுத்துவின் முகம் மாறியது. குரல் அவருக்குத் தெரிந்துவிட்டது. தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்தது, உடம்பு வளைந்தது, ஐயா, நீங்கன்னு தெரியாம உங்ககிட்டயே சொல்லிட்டேங்கய்யா என்றார். பாராக்காரர் எட்டிப் பார்த்தார். வல்லி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவரு ஐயா இல்ல அண்ணாச்சி. போலீஸும் இல்ல. என் வீட்டுக்காரரு."

வேதமுத்து என்னை மேலும் கீழும் பார்த்தார். மெதுவாக நிமிர்ந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அப்ப என்னை ஏசினது மாப்பிள்ளையா என்றார், வரிசையில் யாரோ சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. மழையைச் சொல்வதுபோலச் சொன்ன முகம் போய்விட்டது. இப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"போலீஸ்னு நெனச்சில்ல பொறுத்துக்கிட்டேன்," என்றார். பிறகு அவளிடம், "இதுக்குப் புகார் உண்டாம்மா?" என்று கேட்டார்.

உள்ளே இன்ஸ்பெக்டர் அறையில் ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. இல்லை என்று சொல்லிவிடுவாள், வீட்டு விஷயம், நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணாச்சி என்று சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன், சொல்லிவிடக்கூடாது என்றும் ஏனோ இருந்தது. உண்டு அண்ணாச்சி என்றாள். அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். தானும் உட்கார்ந்து பேனாவின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, எதிரே காலியாக இருந்த நாற்காலியை எனக்குக் காட்டினாள். முகவாய் கொஞ்சம் தாழ்ந்தது.

"உட்காருங்க சார்," என்றாள். "தண்ணி குடிக்கிறீங்களா?"

எல்லோருக்கும் போகிற குரல், கடைசி எழுத்தில் இழுத்து, எனக்கு இடம் விட்டு. நான் உட்கார்ந்தேன். சுவரோரத்திலிருந்து பார்த்தபோது தெரியாத ஒன்று இங்கிருந்து தெரிந்தது. அந்தக் குரலில் பேசிக்கொண்டிருக்கும்போது மேசை விளிம்பை ஒட்டி அவள் இடது கைக் கட்டைவிரல் நகத்தால் ஆள்காட்டி விரலை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தாள், நாள்பட அழுத்தி அழுத்தி அந்த இடம் தழும்பாகித் தடித்திருந்தது. எங்கிருந்து சொல்வது என்று கேட்டேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"எங்க இருந்து வேணும்னாலும் சொல்லுங்க சார்," என்றாள். "நேரம் இருக்கு."